புளி உலுக்குவோர் கவனத்திற்கு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில் புளி உலுக்கும் வேலை நடைபெறும். மரத்திலிருந்து தவறி விழுந்தால் முதுகெலும்பு முறிந்து, உழைக்கும் ஒருவர் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரிடலாம்.

பனி ஈரம் காய்ந்த பின்னரே மரம் ஏற வேண்டும். பட்ட கிளையிலும் பொந்து விழுந்த கிளையிலும் கால் வைக்கக் கூடாது. மின்கம்பி அருகே ஏறுவதோ துரட்டி நீட்டுவதோ ஆபத்து.

பாதுகாப்புக் கயிற்றைக் கட்டும் இடமே முக்கியம். தலைக்கு மேலுள்ள உறுதியான பச்சைக் கிளையில் தொய்வின்றிக் கட்ட வேண்டும். காலடிக் கிளையில் கட்டினால், கயிற்றின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விழுந்த பிறகே அது பிடிக்கும். இடுப்பில் மட்டும் கட்டிய கயிறு வயிற்றையும் முதுகையும் நொறுக்கும். தோள், தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையே சிறந்தது.

எட்டும் கிளைகளைத் தரையில் நின்றே துரட்டியால் உலுக்கலாம். துணைக்கு ஆளின்றி மரம் ஏறக் கூடாது.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் அசையாதபடி அங்கேயே படுத்திருக்கச் செய்து, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

புதிதாகப் புளி நடுவோர் பி.கே.எம். 1 ஒட்டுக் கன்றுகளை நட்டு, இளமையிலேயே கவாத்து செய்து தாழ்வாக வளர்த்தால், மரமேறும் வேலை பெரிதும் குறையும்.