பாடிக்கொண்டே ஆடும் போட்டி: பள்ளி வேன் காத்திருக்குமா?

மலாக்கா – மாணவர்கள் கூட்டாகப் பாடிக்கொண்டே ஆடும் 'ஷோ கோயர்' அமெரிக்கப் பள்ளிகளில் வளர்ந்த கலை. அதன் தொடக்கக் காலப் போட்டி ஒன்று 1974-இல் இந்தியானா மாநிலத்தில் நடந்தது. 2009-இல் 'கிளீ' தொலைக்காட்சித் தொடர் அதை உலகறியச் செய்தது.

நம் தொடக்கப்பள்ளிகளில் இதற்கு நெருக்கமானது 'ஆக்‌ஷன் சாங்' எனும் ஆங்கில அபிநயப் பாடல் போட்டி. மாவட்டத்தில் வென்ற குழு மாநிலத்திற்கும், பின்னர் தேசிய நிலைக்கும் செல்லும்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத்தின் சிறிய தோட்டப்பள்ளிகளுக்குக் குழு சேர்ப்பதே சவால். ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் மாற்றுக்கு ஆளில்லை. ஆனால், தனியாகப் பாடக் கூச்சப்படும் பிள்ளைக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. கோலாட்டம் பழகிய பிள்ளைகளுக்குத் தாளமும் புதிதல்ல.

பயிற்சி முடிவதற்குள் பள்ளி வேன் போய்விடுகிறது என்றால், அந்த இடம் காலியாகிவிடும். பெற்றோர் முறைவைத்துப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றாலே போதும்.