கடல் கடந்த வீட்டின் கணக்கு

புதுச்சேரியில் ஓய்வூதியம் பெற்று வாழ்ந்துவரும் என் நண்பர் ஒருவருக்கு, காலஞ்சென்ற மனைவியின் வழியாக, பிரான்சு தேசத்தின் தென்மேற்கே தொர்தோஞ் மாவட்டத்தில் இரண்டு அறைகள் கொண்ட கல்வீடு ஒன்று வந்து சேர்ந்தது. வருஷத்தில் ஒரு மாதம் அவரே போய்த் தங்குவார்; எஞ்சிய கோடை வாரங்களில் அதை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தார். எண்பூட்டுப் போட்ட சிறு பெட்டியில் சாவி வாசற்படிக்கு அருகே தொங்கும்; பக்கத்து வீட்டு அம்மாள் சனிக்கிழமைதோறும் படுக்கை விரிப்புகளை மாற்றி அறைகளைப் பெருக்கி வைப்பாள்; பணம் இணையவழித் தரகு நிறுவனத்தின் மூலம் வங்கிக்கு வந்துவிடும். மூன்று கோடை இவ்வாறு நிம்மதியாகக் கழிந்த பிறகு, அந்நாட்டு வரி இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. மூன்று வருஷங்களில் அவருக்குக் கிடைத்த வாடகைத் தொகைகள் மட்டும், சதம் பிசகாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன.

"இது என்ன ஓட்டலா ஐயா? என் வீட்டில் நாலு பேர் நாலு நாள் தங்கினார்கள். அதற்குப் போய்ப் பதிவு, படிவம் என்றால் என்ன நியாயம்?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நியாயம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். பிரெஞ்சு வழக்கில், மேஜை, கட்டில், பாத்திரம் பண்டங்களோடு ஒரு வீட்டை நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வந்துபோகிறவர்களுக்கு விடுவது, வெறும் வீட்டு வாடகையாகக் கருதப்படுவதில்லை. அது வணிக வருமானம் என்ற இனத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு பாகுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் யாவும் அதன் கிளைகளே என்பது விளங்கும். வணிகம் என்று ஆனபின் அதற்கு ஓர் அடையாள எண் வேண்டும், ஊராட்சிக்கு ஓர் அறிவிப்பு வேண்டும், வருஷந்தோறும் ஒரு கணக்கு வேண்டும். சிறியது என்பதனால் வரி குறையலாம், சில சமயம் முற்றிலும் இல்லாமலும் போகலாம். அறிவிக்கும் கடமை மட்டும் குறைவதில்லை.

முதற்படி, 'மேரி' எனப்படும் ஊர் மன்றத்தில் தொடங்குகிறது. 'மேரி' என்ற சொல் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. கடற்கரைச் சாலையில் 2014-ல் இடிந்து விழுந்து மறுபடி கட்டப்பட்ட கட்டடத்தை அவர்கள் அந்தப் பெயராலேயே அறிவார்கள். பிரான்சில் அந்த மேரிக்குத்தான், வீட்டின் முகவரி, அறைகளின் எண்ணிக்கை, வாடகைக்கு விடும் காலம் ஆகியவற்றை 14004 என்ற எண்ணுள்ள படிவத்தில் எழுதிக் கொடுத்து ரசீது பெற வேண்டியிருந்தது. பெரிய நகரங்கள் பதின்மூன்று இலக்கப் பதிவு எண் ஒன்றையும் தந்தன. விளம்பரத்தில் அந்த எண் இல்லாமல் வீட்டைக் காட்டக் கூடாது. 2024 நவம்பர் 19-ம் தேதிச் சட்டம் ஒன்று இந்தப் பதிவு எண் முறையை நாடு முழுவதற்கும் பொதுவாக்கி, 2026 மே 20-ஐ அதற்குக் கடைசி நாளாக விதித்தது. பதியாமல் விடுகிறவருக்கு 10,000 யூரோ வரையிலும், பொய்த் தகவல் தருகிறவருக்கு 20,000 யூரோ வரையிலும் அபராதம் உண்டு. தரகர்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. பதிவு எண் இல்லாத வீடுகளைக் காட்டிய குற்றத்துக்காக, 2021 ஜூலையில் பாரிஸ் நீதிமன்றம் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்கு 80 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

பாரிஸ் போன்ற நகரங்களில் இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. உடைமைக்காரர் வருஷத்தில் எட்டு மாதம் தாமே குடியிருக்கும் வீடாக இல்லாமல், வந்துபோவதற்காக வைத்திருக்கும் இரண்டாம் வீடாக இருந்தால், குடியிருப்பை விடுதியாக மாற்றுவதற்கு முன்னனுமதி பெற்றாக வேண்டும். பெறாதவருக்கு அபராதம் ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் யூரோ வரை போகும். ஐரோப்பிய நீதிமன்றம் 2020 செப்டம்பரில் இத்தகைய அனுமதி முறை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டபடியால், அதை எதிர்த்து வாதாடுவதில் பொருளில்லை. அடுக்குமாடிக் கட்டடமாயின், அங்குள்ள உடைமையாளர் சங்கத்தின் விதிகளையும் வீட்டை விடுவதற்கு முன்பே வாசித்துப் பார்க்க வேண்டும். சில கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் விடுமுறை வாடகையையே தடுத்துவிடலாம். கிராமத்துத் தனிவீட்டுக்காரரான என் நண்பருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

இரண்டாவது படி தொழிற்பதிவு. வாடகைக்கு விடத் தொடங்கிய பதினைந்து நாளைக்குள், 2023 ஜனவரி முதல் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவாக ஏற்பட்டுள்ள ஒரே இணைய வாயிலில் விண்ணப்பித்தால், 'சிரே' எனப்படும் பதினான்கு இலக்க எண் கிடைக்கும். முதல் ஒன்பது இலக்கம் ஆளுக்கு, கடைசி ஐந்து இலக்கம் இடத்துக்கு. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பதிவுக்கட்டணம் என்ற பெயரில் அயல்நாட்டு உடைமைக்காரரிடம் பணம் கேட்டு வரும் கடிதங்கள் அந்த எண் கிடைத்த மாதத்திலேயே தபாலில் குவியும். சர்க்கார் முத்திரையைப் போன்ற ஒரு முத்திரையும் அவற்றில் இருக்கும். அவற்றைக் குப்பைக் கூடையில் போடுவதற்கு எந்தச் சட்ட ஆலோசனையும் தேவையில்லை.

இனி வரிக்கு வருவோம். தொழில்முறையல்லாத சிறு விடுதி வீட்டுக்காரருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது, இலாகாவினுடையது அல்ல. முதல் வழியில், செலவுகளுக்கு ரசீது காட்ட வேண்டாம்; வரவில் ஒரு பங்கைச் செலவு என்று சட்டமே கழித்துக்கொடுத்துவிடும். 2025-ம் வருஷ வருமானத்திலிருந்து, நட்சத்திர மதிப்பீடு பெறாத வீட்டுக்கு, வரவு 15,000 யூரோவுக்கு மேற்படாத வரையில் நூற்றுக்கு முப்பது கழிவு. மதிப்பீடு பெற்ற வீட்டுக்கு, 2025-ல் 77,700 யூரோ வரையில் நூற்றுக்கு ஐம்பது. முன்பு இவை முறையே ஐம்பதும் எழுபத்தொன்றுமாக இருந்தன. விடுதி வீடுகள் பெருகி, உள்ளூர்க்காரர்களுக்குக் குடியிருக்க இடம் இல்லாமற் போயிற்று என்ற குறையின்மேல் சட்டம் இறுக்கப்பட்டது. இரண்டாவது வழியில், காப்பீடு, பழுதுபார்ப்பு, நிலவரி, சுத்தம் செய்கிறவரின் கூலி, கட்டடத்தின் வருஷத் தேய்மானம் ஆகிய மெய்யான செலவுகளைக் கழித்துக்கொள்ளலாம். கணக்கர் ஒருவர் அவசியமாகிறார், ஆனால் வரி பல சமயம் சூனியமாகிவிடுகிறது. அந்தத் தேய்மானத்திலும் ஒரு முள் இருக்கிறது. 2025 பிப்ரவரி நடுவிலிருந்து, வீட்டை விற்கும்போது, கழித்துக்கொண்ட தேய்மானம் ஆதாயக் கணக்கில் திரும்பச் சேர்க்கப்படுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் பயம் தெளியும். வாரத்துக்கு 600 யூரோ வீதம் ஒன்பது வாரம் விட்டால் வரவு 5,400. மதிப்பீடு பெறாத வீட்டில் முப்பது விழுக்காடான 1,620 கழிந்து 3,780 நிற்கும். அயல்நாட்டில் வாழ்பவருக்குக் குறைந்தபட்ச வருமான வரி நூற்றுக்கு இருபது என்பதால் வரி 756 யூரோ. அதே வீட்டுக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரை அழைத்து ஐந்து வருஷம் செல்லத்தக்க நட்சத்திர மதிப்பீட்டை வாங்கிவிட்டால், வரிக்குரியது 2,700, வரி 540. இதோடு சமூக வரி ஒன்றும் சேரும்: ஐரோப்பிய நாடுகளிலோ பிரிட்டனிலோ சமூகக் காப்புறுதியில் இருப்பவருக்கு நூற்றுக்கு ஏழரை, மற்றவர்க்குப் பதினேழுக்கும் மேல். ஒருவருடைய உலகளாவிய மொத்த வருமானத்தின்மீது பிரெஞ்சு வரிவிகிதத்தைக் கணக்கிட்டால் சராசரி இருபதுக்குக் குறைவாக வருமானால், அந்தக் குறைந்த விகிதத்தைக் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு. ஓய்வூதியத்தில் வாழும் எளியவர்களுக்கு இது உண்மையான சலுகை. ஆனால் கேட்காதவருக்கு இது கிடைக்காது. என் நண்பரும் கேட்கவில்லை.

தங்குகிறவர் தலைக்கு இரவொன்றுக்கு இவ்வளவு என்று ஊர்மன்றம் விதிக்கும் தங்கல் வரியைப் பணம் வாங்கும் தரகரே வசூலித்துக் கட்டிவிடுவார். நேரடியாக வந்த விருந்தினரிடம் மட்டும் உடைமைக்காரர் கேட்டு வாங்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அது கிடையாது. தொழில் நடக்கும் இடத்துக்கான வரி வேறு; வருஷ வரவு 5,000 யூரோவுக்கு மேற்படாதவருக்கு அதன் குறைந்தபட்சத் தொகை இல்லை. மேற்கண்ட உதாரணத்தில் எட்டே வாரம் விட்டிருந்தால் வரவு 4,800 என்று நின்றிருக்கும் என்பதை வாசகர் கவனிக்கலாம். வரவு 23,000 யூரோவைத் தாண்டினால் சமூகக் காப்புறுதிச் சந்தாவும் கட்ட நேரும். அது சிறு வீட்டுக்காரரின் கவலை அன்று.

மறைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டும். இப்போது மறைப்பதற்கு இடமே இல்லை. 2023-ம் வருஷ வரவிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் இயங்கும் தரகு நிறுவனங்கள் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் கொடுத்த தொகையை வரி இலாகாவுக்குத் தாமாகவே தெரிவித்தாக வேண்டும்; என் நண்பருக்கு வந்த கடிதத்தில் சதம் பிசகாமல் எண்கள் இருந்ததன் ரகசியம் இதுதான். தாமதமாகக் கணக்குத் தருகிறவருக்கு வரியோடு நூற்றுக்குப் பத்து. எச்சரிக்கைக் கடிதம் கிடைத்து முப்பது நாளுக்குள்ளும் தராதவருக்கு நாற்பது. எங்கும் பதியாமல், கணக்கும் காட்டாமல் மறைவாக நடத்திய தொழில் என்று தீர்மானிக்கப்பட்டால் எண்பது. சாதாரணமாக மூன்று வருஷம் பின்னோக்கிப் பார்க்கும் இலாகா, மறைவுத் தொழிலில் பத்து வருஷம் பின்னோக்கிப் போகலாம்.

பரிகாரமும் அதே சட்டத்துக்குள் இருக்கிறது. 2018 ஆகஸ்டு 10-ம் தேதிச் சட்டம், நல்லெண்ணத்தோடு தவறியவருக்குத் திருத்திக்கொள்ளும் உரிமையை அங்கீகரித்தது. இலாகா கேட்குமுன் தாமே முன்வந்து கணக்கைத் திருத்துகிறவருக்குத் தாமத வட்டி பாதியாகிறது. ஆகவே சிரே எண் வாங்காமல் ஒரு கோடை கழித்துவிட்டவர் செய்யவேண்டிய முதல் காரியம், எண்ணை வாங்கி, விட்டுப்போன வருஷக் கணக்குகளைத் தாமே எழுதி, நடந்ததை ஒரு பக்கத்தில் விளக்கி அனுப்புவதுதான். அயல்நாட்டில் வாழும் தனிநபர்களுக்கென்று பாரிஸுக்குக் கிழக்கே நோவாசி-ல-கிராந் என்ற ஊரில் தனி அலுவலகம் உண்டு; அதற்கே எழுதலாம். அதிக வரி விதிக்கப்பட்டதாகத் தோன்றினால், வரிச்சீட்டு வந்த வருஷத்துக்குப் பின் இரண்டாம் வருஷத்தின் டிசம்பர் 31 வரையில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மறுத்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். என் நண்பர் கடிதம் வந்த பிறகு விழித்தவர். ஆனாலும் மறு வாரமே பதில் எழுதினார், வரியும் பத்து விழுக்காடும் வட்டியும் கட்டினார், அதோடு விஷயம் முடிந்தது. அந்த மூன்று வருஷங்களின் பிரெஞ்சு வரியைக் காட்டிலும், அதை நினைத்து அவர் இழந்த உறக்கம் அதிகம்.

இந்தியாவில் வசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டும். 1962 ஆகஸ்டு 16-க்குப் பிறகு பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்பிய குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் பல. அவர்களில் சிலருக்கு அங்கே வீடும் இங்கே வாழ்வும் அமைந்திருக்கின்றன. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு கையில் இருக்கிறது என்பது வரிக்கு முக்கியமல்ல. எங்கே வசிக்கிறார் என்பதே முக்கியம். 1992 செப்டம்பரில் கையெழுத்தான இந்திய - பிரெஞ்சு வரி உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, அசையாச் சொத்தின் வருமானத்துக்கு அந்தச் சொத்து நிற்கும் நாடு வரி விதிக்கலாம் என்கிறது; இந்தியாவில் சாதாரண வாசியாக இருப்பவர் அதே வருமானத்தை இங்கேயும் காட்டி, அங்கே கட்டிய வரியை இங்குள்ள வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு, கட்டிய ரசீதும், படிவம் 67 என்று நெடுங்காலம் வழங்கிவந்த விண்ணப்பமும் வேண்டும். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்த வீட்டை எழுதாமல் விட்டால், 2015-ம் வருஷக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். இருபது லட்சத்துக்கு மேற்படாத வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் தரப்பட்ட சலுகையில் அசையாச் சொத்து சேர்க்கப்படவில்லை என்பதைப் பலர் அறியார். அங்கே ஒழுங்காக வரி கட்டிவிட்டோம் என்ற திருப்தியில் இங்கே வாயடைத்து இருப்பவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

நண்பரின் வீட்டு வாசலில் சாவிப் பெட்டி இப்போதும் தொங்குகிறது. அதன் உட்புறத்தில், விருந்தினருக்கான குறிப்புகளுக்கு மேலே, தம் பதிவு எண்ணையும் சிரே எண்ணையும் எழுதி ஒட்டியிருக்கிறார். பிரெஞ்சு வருமான வரிக் கணக்கு ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் திறக்கிறது. உங்களுக்கும் அங்கே ஒரு வீடு இருந்து, சென்ற கோடையில் ஒரு வாரமேனும் வாடகைக்கு விட்டிருந்தால், அந்தக் கடிதம் வருவதற்கு முன் நீங்கள் எழுதிவிடுங்கள்.