கிருமியைக் கொல்லும் மருந்து வீக்கத்தையும் தணிக்குமா? விலங்குச் சோதனைகள் கூறுவது என்ன?

ஈறு நோய்க்கு மிகக் குறைந்த அளவில் டாக்சிசைக்ளின் பரிந்துரைக்கப்படும்போது, “இவ்வளவு சிறிய அளவு கிருமியைக் கொல்லுமா?” என்ற ஐயம் எழுவது இயல்பே. கொல்லாது, அந்த நோக்கத்திற்காக அது தரப்படுவதும் இல்லை. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பும் உண்டு. இவ்வியல்பு எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை இங்கே விளக்குகிறோம்.

கிருமியற்ற வீக்கம்

சிவத்தல், சூடு, வீக்கம், வலி ஆகியவை அழற்சியின் அடையாளங்கள். கிருமியால் அழற்சி தோன்றியிருந்தால், கிருமி அழிந்ததும் அதுவும் தணியும். எனவே மருந்தே நேரடியாக அழற்சியைத் தணிக்கிறதா என்பதை அறிய, கிருமியே இல்லாத வீக்கம் தேவை.

இதற்கென 1962இல் விவரிக்கப்பட்ட முறை இன்றும் கையாளப்படுகிறது. செம்பாசியிலிருந்து பெறப்படும் காராஜீனன் என்னும் பொருளை எலியின் பின்னங்கால் பாதத்தில் சிறிதளவு செலுத்துவர். சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். அதனை நீர்மக் குழாயில் அமிழ்த்தி, இடம்பெயரும் நீர்மத்தைக் கொண்டு வீக்கத்தை அளப்பர். ஒரு குழு எலிகளுக்கு உப்புநீர், மற்றொன்றுக்கு அழற்சி தணிக்கும் மருந்தாக ஏற்கெனவே அறியப்பட்ட இண்டோமெதசின், மூன்றாவதற்கு ஆன்டிபயாடிக் என அளித்து மூன்றையும் ஒப்பிடுவர்.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் ஒப்புதல் கட்டாயம். இயன்றவரை குறைந்த எண்ணிக்கை, குறைந்த வலி என்பவை அக்குழு வலியுறுத்தும் நெறிகள்.

ஒரு வெற்றி

1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள், உடலில் கிருமிகளே இல்லாதவாறு வளர்க்கப்பட்ட, நீரிழிவுள்ள எலிகளுக்கு மினோசைக்ளின் அளித்தனர். ஈற்றுத் திசுவைச் சிதைக்கும் நொதியின் செயல் குறைந்தது. கொல்வதற்குக் கிருமி இல்லாத இடத்திலும் மருந்து பயனளித்தது. இவ்வழியில் தொடர்ந்த ஆய்வுகளின் பயனாக, 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளினை நாளொன்றுக்கு இருவேளை ஈறு நோய்க்கு வழங்க 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை

எலிக்கு நலம் பயப்பது மனிதருக்கும் நலம் பயக்கும் என்பது உறுதியன்று. தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக நலிவுறும் ஏ.எல்.எஸ். நோயுடைய சுண்டெலிகளின் வாழ்நாளை மினோசைக்ளின் நீட்டித்ததாக 2002இல் ஆய்வு வெளியாயிற்று. நோயாளிகளின் நம்பிக்கை பெருகியது. ஆனால் 412 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், மினோசைக்ளின் உட்கொண்டோரின் உடல்நிலை, மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு விரைவாகச் சரிந்தது. விலங்குச் சோதனை எழுப்பும் நம்பிக்கையை மனிதரிடம் நடத்தும் முறையான ஆய்வே உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலும்.

உங்கள் கவனத்திற்கு

“அழற்சியைத் தணிக்கும் ஆன்டிபயாடிக்” என்ற செய்தியைக் கண்டால், சோதனை எலியிடம் நடந்ததா, மனிதரிடம் நடந்ததா என்று முதலில் பாருங்கள். வீட்டில் எஞ்சிய மாத்திரையை மூட்டு வீக்கத்திற்கோ முகப்பருவிற்கோ தாமாக உட்கொள்ளாதீர்கள். தேவையற்ற பயன்பாடு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழிவகுக்கும். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வளரும் குழந்தைகளின் பற்களில் நிலையான கறையை ஏற்படுத்தக்கூடும். கருவுற்றோரும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். மருத்துவர் இம்மருந்தைப் பரிந்துரைத்தால், “கிருமிக்காகவா, அழற்சிக்காகவா? எத்தனை நாள் உட்கொள்ள வேண்டும்?” என்று தயங்காமல் கேளுங்கள்.