கோட்டையூர்க்காரர் சேர்த்த காகிதம்

பேர் நிலைக்க வேண்டுமென்றால் புத்தகம் எழுத வேண்டும், இல்லையென்றால் குளம் வெட்ட வேண்டும் என்பார்கள். காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையாவோ மற்றவர்கள் எழுதியதையும் அச்சடித்ததையும் தேடித் தேடிச் சேர்த்தார். பிழைப்புக்கு விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் அவர்.

இலக்கியமும் சித்த மருத்துவமும் மட்டும் அவருக்குப் போதவில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நின்றுபோன இதழ்கள் என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. அவருடைய பெரிய சாதனை இதுதான். கம்பனையும் வள்ளுவனையும் பதிப்பிக்க எப்போதும் ஆள் உண்டு. கொலைச் சிந்தும் ரயில் விபத்துப் பாட்டும் அச்சான மலிவு விலை ‘குஜிலி’ப் புத்தகத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? அன்றைய சாமானியர் காசு கொடுத்து வாங்கிப் படித்தது அதைத்தான். ஒரு காலத்து மக்களின் ரசனையையும் பயத்தையும் அறிய, ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட காகிதம் வேண்டும். அதைத் தேடிப் பலர் கோட்டையூருக்கே வந்தார்கள்.

1992இல் அவர் காலமானபோது வீட்டில் அவர் சேர்த்தவை ஏறத்தாழ ஒரு லட்சம் இருந்தன. மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கும் அமிலம் அதை உள்ளிருந்தே அரிக்கும்; தாள் பழுத்து, தொட்டால் நொறுங்கும். பூச்சியும் ஈரமும் வேறு. தனி மனிதரின் ஆர்வத்தில் உருவான எத்தனையோ சேகரிப்புகள், அவர் போனதும் எடைக்குப் போயிருக்கின்றன. இதற்கு அந்தக் கதி நேரவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் இதை விலைக்கு வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்தது. ‘மொழி’ என்ற அறக்கட்டளையும் கைகொடுக்க, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நொறுங்கும் பக்கங்கள் மைக்ரோஃபிலிமில் ஏறின. இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தைத் தவிர்த்துவிட்டு, நவீனத் தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதுவது கடினம்.

சேர்த்தவர் ஒருவர், காப்பாற்றியவர்கள் பலர். ஒரு நல்ல காரியம் அதைத் தொடங்கியவரின் ஆயுளைத் தாண்டி நிற்பது, அதை ஏற்று நடத்த அடுத்த கை கிடைக்கும்போதுதான்.

நம் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் வரவு செலவு நோட்டும், ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த கடிதமும், ஊர்த் திருவிழா நோட்டீஸும் இருக்கலாம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் பிரித்துப் பாருங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் பின்பக்கம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால்தான் அடுத்து வருபவருக்கு அது பயன்படும்.