மெதுவாகப் பறப்பதும் ஒரு திறன்

வானலைக் கருவியின் மூலம் மாதிரி விமானத்தை இயக்குவது பலரையும் கவர்ந்த பொழுதுபோக்காகும். ஒரு கிலோகிராம் எடையுள்ள சிறிய விமானம்கூட மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீறிப் பாயக்கூடும். அதனை வேகமாகப் பறக்கவிடுவது எளிது; மோட்டாரை முடுக்கினால் போதும். வேகத்தைக் குறைத்துப் பத்திரமாகத் தரையிறக்குவதுதான் கடினம். அது ஏன்?

இறக்கையின் மீது காற்று பாய்வதால்தான் விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை உண்டாகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் தூக்குவிசை கால் பங்காகக் குறைந்துவிடும். அதை ஈடுசெய்ய விமானத்தின் மூக்கைச் சற்று உயர்த்த வேண்டும். ஆனால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லாமல் விலகிவிடும். உடனே தூக்குவிசை சரிந்து, மூக்கு கவிழ்ந்து விமானம் கீழே விழத் தொடங்கும். இந்நிலையை 'ஸ்டால்' என்பர்.

அப்படியானால், வேகமாகவே தரையிறக்கிவிடலாமா? அதுவும் ஆபத்தே. வேகம் இரு மடங்கானால், மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, மெதுவாகப் பறப்பதற்கு ஏற்றவாறு விமானத்தை முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும்.

முதலில் எடைச் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும். நேரான இறக்கையைக் கொண்ட விமானத்தில், எடையின் மையம் பொதுவாக இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்திற்குள் இருக்க வேண்டும். இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், அந்த இடம் 5 முதல் ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர் தூரத்தில் அமையும். அவ்விடத்தில் இரு விரல்களால் விமானத்தைத் தாங்கிப் பார்க்கலாம். வால் தாழ்ந்தால் மின்கலத்தை முன்னே நகர்த்த வேண்டும். வால் கனமான விமானம் மெதுவாகப் பறக்கும்போது கட்டுக்கு அடங்காது.

அடுத்து, கட்டுப்பாட்டுத் தகடுகளைச் சீரமைக்க வேண்டும். வேகமாகப் பறக்கும்போது அவை சிறிதளவு அசைந்தாலே விமானம் சட்டெனத் திரும்பிவிடும். மெதுவாகப் பறக்கும்போதோ அவற்றின் மீது பாயும் காற்றின் வேகம் குறைவு. எனவே, அதிக அசைவு தேவைப்படும். இதற்காக, வேகப் பறத்தலுக்குக் குறைந்த அசைவையும் தரையிறங்குவதற்கு அதிக அசைவையும் கருவியில் தனித்தனியே பதிவுசெய்து, ஒரே பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம். இறக்கையின் பின்விளிம்பில் 'ஃபிளாப்' எனும் தகடுகள் இருந்தால் அவற்றைக் கீழே இறக்கலாம். அவை தூக்குவிசையையும் காற்றுத்தடையையும் ஒருசேரக் கூட்டுவதால், விமானம் குறைந்த வேகத்திலும் விழாமல் பறக்கும்.

இவற்றைச் சோதிக்க ஏற்ற இடம் தரையருகே அன்று, உயரத்தில்தான். சுமார் 50 மீட்டர் உயரத்தில் மோட்டாரின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, எப்போது மூக்கு கவிழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கவிழ்ந்தால் பதற்றத்தில் மூக்கை மேலே இழுக்கக்கூடாது. அதைத் தாழவிட்டு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் விமானம் மீண்டுவிடும். உயரம் இருப்பதால் பிழையைத் திருத்த நேரமும் கிடைக்கிறது.

தரையிறக்கும்போது, ஸ்டால் ஆகும் வேகத்தைப் போல் 1.3 மடங்கு வேகத்தைக் கடைப்பிடிப்பது நல்லது. ஸ்டால் வேகம் 30 கிலோமீட்டர் என்றால், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கலாம். எதிர்க்காற்றில் இறக்குவது இன்னும் சிறந்தது. 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வீசினால், விமானம் தரையை 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் தொடும். தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது விமானத்தை மிகவும் சாய்த்துத் திருப்பக்கூடாது. சாயச் சாய ஸ்டால் வேகம் அதிகரிக்கும்.

விமானத்தைப் பறக்கவிடுமுன் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள ஆளில்லா விமானங்களைப் பதிவுசெய்வது கட்டாயம். ஆள் நடமாட்டமில்லாத, அனுமதிக்கப்பட்ட திறந்த வெளியே இதற்கு உகந்தது. பாய்ந்து செல்லும் விமானத்தை எல்லாரும் வியந்து பார்ப்பர்; அதை மெல்ல இறக்கி முழுதாக வீட்டிற்கு எடுத்துச் செல்பவரே திறமையான விமானி.