தரகரா, எஜமானரா?

கைபேசியை ஒரு முறை தொட்டால் வாசலில் வண்டி வந்து நிற்கும் காலம் இது. பேரம் பேசும் தொல்லை ஒழிந்ததென்று ஜனங்கள் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் வாடகை திடீரென்று ஏறினாலும், வழியில் அசம்பாவிதம் நேர்ந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? "பிரயாணியையும் சாரதியையும் சேர்த்துவைக்கும் தரகர்களே நாங்கள்" என்பதுதான் செயலிக் கம்பெனிகள் பல தேசங்களிலும் கூறிவந்த பதில்.

இரு தரப்பாரையும் கூட்டிவைத்துத் தம் கூலியைப் பெற்று விலகுபவரே தரகர். லண்டன் சாரதிகள் ஊபர் கம்பெனிமீது தொடுத்த வழக்கில் வெளியான உண்மை வேறு. வாடகையை நிர்ணயித்தது கம்பெனி. ஒப்பந்த ஷரத்துக்களை விதித்தது கம்பெனி. சவாரிகளை மறுக்கும் சாரதியைத் தண்டித்ததும் கம்பெனியே. ஆகவே, பத்திரத்தின் வாசகத்தைவிட நடைமுறையே முக்கியமென்று கொண்டு, குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் பெறச் சாரதிகளுக்குப் பாத்தியதை உண்டென்று பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் 2021 பிப்ரவரி 19-ந் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஊபர் நடத்துவது போக்குவரத்துத் தொழிலே என்று ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் 2017-லேயே கூறிவிட்டது.

நமது தேசத்தின் நிலைமை என்ன? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-வது பிரிவின்படி, இக்கம்பெனிகள் லைசென்ஸ் பெற்றாக வேண்டும். பெறாவிடில் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதம். இந்திய சர்க்கார் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளோ இன்னும் விரிவானவை. நெருக்கடி வேளையிலும் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் வசூலிக்கலாகாது. சொந்த வண்டி ஓட்டும் சாரதிக்கு வாடகையில் நூற்றுக்கு 80 பங்கேனும் சேர வேண்டும். யாவும் நல்லவையே. ஆயினும் லைசென்ஸ் வழங்குகையில் மாநில சர்க்கார்கள் இவ்விதிகளைப் பின்பற்றலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லின் பேதத்தால் பிரயாணியின் பாதுகாப்பும் சாரதியின் கூலியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறக்கூடும்.

இதற்கிடையே சில கம்பெனிகள் ஆட்டோ சாரதிகளிடம் கமிஷனுக்குப் பதிலாகச் சந்தா வசூலிக்கத் தொடங்கியுள்ளன. வாடகை முழுவதும் சாரதிக்கே சேருவது மெய். அதில் அவருக்கு லாபமும் இருக்கலாம். ஆனால் வாடகையில் கை வைக்காத கம்பெனி, பொறுப்பிலிருந்தும் கையைக் கழுவிக்கொள்ள இது ஒரு வழியாகிவிடலாகாது. சவாரி கிடைக்காத நாளில் சந்தா நஷ்டமும் சாரதி தலையில்தானே விடிகிறது?

இத்தொழிலை நசுக்கவேண்டுமென்பது நமது நோக்கமன்று. அநேக குடும்பங்களுக்கு அது பிழைப்பளிக்கிறது. அதிகாரம் எங்கே உண்டோ, அங்கே பொறுப்பும் உண்டு என்பதே நமது வாதம். 'பின்பற்றலாம்' என்பதைப் 'பின்பற்ற வேண்டும்' என்று பார்லிமெண்ட் திருத்தட்டும். மேலான பாதுகாப்பளிக்க விரும்பும் மாநிலம் தாராளமாய் அளிக்கட்டும். குறைப்பதற்கு மட்டும் இடமிருக்கலாகாது. அதுவரையில், இவ்விதிகளைத் தாமாகவே லைசென்ஸ் நிபந்தனைகளாக்க மாநில சர்க்கார்களுக்குச் சட்டத்தில் தடையில்லை. மனமிருந்தால் போதும்.