ஒரே தெரு, இரண்டு எல்லை, இரண்டு நேரம்! வன்னியின் பத்திரக் கதைகள் தெரியுமா?

பாஸும் படிவமும் கடல் கடந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊருக்குப் போகவே பத்திரம் காட்டிய மண் இது!

ஓமந்தையில் கடிகாரம் பின்னே போனது தெரியுமா?

2002 போர்நிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்தது. ஓமந்தையில் முதலில் இராணுவச் சோதனைச்சாவடி. அடுத்து, செஞ்சிலுவைச் சங்கம் காவல் நின்ற சூனியப் பிரதேசம். அதையும் கடந்தால் புலிகளின் சாவடி. அங்கே வேறு படிவம், பொருளுக்கு வரி! யாழ்ப்பாணம் போகிறவருக்கு முகமாலையில் எல்லாம் தலைகீழாக மறுபடியும். நேரமும் வேறு! கொழும்பு 1996இல் முன்தள்ளிய நேரத்தைப் புலிகள் ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை வன்னிக்குள் நுழைந்தால் அரை மணித்தியாலம் பின்னே!

ஓர் அகதியின் வழக்கு வென்றது தெரியுமா?

புலிகளின் பகுதியை விட்டு வெளியேற அவர்களின் பாஸ் வேண்டும். திரும்பி வருவார் என்று பிணை நிற்க ஆளும் வேண்டும். வவுனியாவுக்கு வந்து சேர்ந்தால் அங்கே தங்கப் படைத்தரப்பின் பாஸ்! ஒருநாள் பாஸ், ஒருமாதப் பாஸ் என்று விதம்விதமாக. சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் உயர் நீதிமன்றத்துக்கே போனார். நடமாடும் சுதந்திரம் மீறப்பட்டது என்று 2002இல் தீர்ப்பு!

10 நாளில் 1,90,000 பேர் குடிமக்களானது தெரியுமா?

1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஏராளம். பலருக்குப் பிரஜாவுரிமையே கிடையாது! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. நாடு முழுவதும் நடந்த நடமாடும் சேவையில் பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜைகள் ஆனார்கள்!

சொந்த ஊருக்குத் திரும்ப இரண்டு அரசின் பத்திரம் வேண்டும் தெரியுமா?

படகேறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அங்குள்ள முகாம்களில் பிறந்தார்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தாலும் அந்தப் பிள்ளை தானாக இலங்கையர் ஆகிவிடாது! சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். வம்சாவளிப் பிரஜாவுரிமை பெற வேண்டும். பயணப் பத்திரம் எடுக்க வேண்டும். அதன்பின் இந்தியாவை விட்டுப் புறப்பட இந்திய அரசின் வெளியேறும் அனுமதி! ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சத்தியக்கடதாசிதான். அப்பாவின் ஊரை முதன்முதலாகப் பார்க்க ஒரு பிள்ளை கடக்கும் படிகள் இவை!

இறந்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை; அதற்கும் ஒரு பத்திரம் தெரியுமா?

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு மரணச் சான்றிதழ் வாங்கப் பல தாய்மார் மறுத்துவிட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்கு வழி செய்தது. அதுவும் வேண்டாம், பதில்தான் வேண்டும் என்கிறவர்கள் உண்டு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கியவர்கள் அவர்களே!

வடக்கின் கடவுச்சீட்டுக்கு ஒரே வாசல் இருந்தது தெரியுமா?

2025 செப்டெம்பர் 1 அன்று யாழ்ப்பாணத்தில் அலுவலகம் திறக்கும்வரை, வடமாகாணம் முழுவதற்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஒரே பிராந்திய அலுவலகம் வவுனியாவில்தான்! ஒருகாலம் தங்குவதற்கே பாஸ் கேட்ட அதே நகரம், உலகத்துக்கே போகப் பத்திரம் கொடுத்தது!

கடைசியாக ஒன்று. 1960க்குப் பிந்திய பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் பிரதிகளை இப்போது எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். வீட்டில் உள்ள பத்திரங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயரில் பிழையா? திருத்துங்கள். தொலைந்ததா? விதானையாரிடம் கேளுங்கள். பத்திரம் இல்லாமல் வன்னி பட்ட பாடு இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்!